தாய்ச்சியும் ரும்பா-சல்சாவும் ஒரே உடம்பில்: ஒட்டுப்போட்டது தெரியாமல் சேர்ப்பது எப்படி?

#1 – கெலமங்கலம்_நடை

எல்லாருக்கும் வணக்கம். தாய்ச்சிங்கற மெதுவான சீனத் தற்காப்புக் கலையில 24 அசைவு கொண்ட படிவம் முழுசா தெரியும், குங்ஃபூ அடிப்படை நிலைகள் தெரியும். லத்தீன் ஆட்டத்துல, சல்சா 'ஒன்'ல, அதாவது முதல் தாளத்துல எடுக்கிற அடிப்படை அடிகளும், ரும்பா பக்க அடியும் தெரியும். இதை வெச்சு 3 நிமிஷம் தனி ஆட்டம் ஒன்னு அமைக்கணும். மேடை கிருஷ்ணகிரியில ஒரு கல்யாண மண்டபம். அகலம் 20 அடி, பாலிஷ் போட்ட கிரானைட் தரை. பயிற்சி மொட்டை மாடி சிமெண்ட்ல.

சிக்கல் இதுதான். எட்டு எண்ணிக்கை சல்சா, அப்புறம் எட்டு எண்ணிக்கை தாய்ச்சின்னு மாத்தி மாத்திப் போட்டா ரெண்டு பேர் மாறி மாறி ஆடுற மாதிரி இருக்கு. கையில தாய்ச்சியும் கால்ல சல்சாவும் போட்டா கை மிதக்குது, கால் ஓடுது. முன்னடி வைக்கும்போது தாய்ச்சி குதிகாலை முதல்ல வைக்கச் சொல்லுது, லத்தீன் ஆட்டம் முன்பாதத்தை வைக்கச் சொல்லுது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? அலங்காரத்துக்காக இதைச் செய்யலை. ரெண்டும் உடம்புல ஊறின பிறகு ஒன்னை மறைச்சு இன்னொன்னை மட்டும் ஆடினா பாதி ஆள்தான் மேடையில நிக்கிற மாதிரி இருக்குது.

#2 – பாலக்கோடு_பாதம்

கையை மறந்துவிடுங்கள். குதிகாலா முன்பாதமா என்ற கேள்வியையும் தள்ளி வையுங்கள். அது இரண்டாவது சிக்கல். முதல் சிக்கல் எடை ஏறிய கால் என்ன செய்கிறது என்பது.

தாய்ச்சியில் எடை ஏறிய காலை நிறைகால் என்றும், எடை இல்லாததை வெறுங்கால் என்றும் வைத்துக்கொள்வோம். தாய்ச்சியில் நிறைகால் மடங்கும். எடை ஏற ஏற தொடைமடிப்பு உள்வாங்கி, உட்காரப் போகிறவர் போல இடுப்பு இறங்கும். லத்தீன் ஆட்டத்தில் நேர் எதிர். அங்கே நிறைகால் நிமிரும், வெறுங்கால் மடங்கும். போட்டி ரும்பாவில் எடை ஏறும்போதே முழங்கால் நிமிர்ந்திருக்கும். தெருவில் ஆடும் சல்சாவில் மடங்கிய காலால் மிதித்து, எடை ஏற ஏற நிமிர்த்துவார்கள். எப்படியானாலும் கடைசியில் நிற்பது நிமிர்ந்த கால். அது நிமிர்வதால்தான் அந்தப் பக்க இடுப்பு வெளியே வழிகிறது. பார்க்கிறவர்கள் இடுப்பாட்டம் என்கிறார்களே, அது இடுப்பைத் தூக்கிப் போடுவதால் வருவதே இல்லை.

கையால் தொட்டே பார்க்கலாம். தோள் அகலத்துக்குக் கால் விரித்து நின்று, வலது தொடை அடிவயிற்றோடு சேரும் மடிப்பில் வலது ஆள்காட்டி விரல் நுனியை வையுங்கள். தாய்ச்சி முறையில் எடையை வலது காலுக்கு மாற்றினால் மடிப்பு விரலைக் கவ்வும். அப்படியே நின்று முழங்காலை மெல்ல நிமிர்த்துங்கள். மடிப்பு விரலை விட்டுவிடும், இடுப்பெலும்பு வெளிப்பக்கம் நகரும். கவ்வுவது தாய்ச்சி, விடுவது ரும்பா. உங்கள் ஆட்டத்தின் தையல் அந்த விரலுக்கடியில் இருக்கிறது. ஒரே எடைமாற்றத்தின் முதல் பாதியை தாய்ச்சியாகவும் பிற்பாதியை ரும்பாவாகவும் செய்தால் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே கோடு விழாது.

இதற்கு இடம் தருவது ரும்பாவின் நீள அடி. ரும்பாவில் 2, 3, 4 ஆகிய தாளங்களில் அடி வைக்கிறோம். நாலில் வைத்த அடி அடுத்த 1 முடியும் வரை நீள்கிறது. நிமிடத்துக்கு 100 தாளம் என்றால் அந்த நீள அடிக்கு 1.2 வினாடி கிடைக்கும். நாலில் மடங்கி உட்காருங்கள். ஒன்றில் நிமிருங்கள். 2, 3 இரண்டிலும் எதையும் கலக்காதீர்கள், அவை வெறும் நடை.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. நிமிர்த்தும்போது முழங்காலைப் பின்னுக்குப் பூட்டுவது ஒன்று. இயல்பாகவே முழங்கால் பின்பக்கம் வளைகிறவர்களுக்கு இது வலியில் முடியும். நிமிரும் விசை பாதத்திலிருந்து வந்தால் பூட்டு விழாது. முழங்காலைப் பின்னால் தள்ளி நிமிர்த்தினால் விழும். இன்னொன்று தலை ஏறி இறங்குவது. தாய்ச்சியிலும் சரி, சல்சாவிலும் சரி, தலை ஒரே மட்டத்தில் போக வேண்டும். இந்த ஒன்றில் இரண்டு மரபும் அண்ணன் தம்பி. ஒன்றில் நிமிரும்போது இடுப்பு பக்கவாட்டில் போவதால் உயரம் அங்கே செலவாகிவிடும். தலை ஏறினால் இடுப்பு வழியவில்லை என்று அர்த்தம். கண் மட்டத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதற்கு எதிரே 20 முறை செய்து பாருங்கள்.

#3 – கெலமங்கலம்_நடை

விரல் வெச்சுப் பார்த்தேன், சரியாப் புரிஞ்சுது. ஆனா சல்சாவுல இது நடக்குமா? அங்க நீள அடிக்கு நேரமே இல்லையே.

#4 – பாலக்கோடு_பாதம்

சல்சாவில் நிமிடத்துக்கு 180 தாளம் என்றால் ஒரு தாளம் மூன்றில் ஒரு பங்கு வினாடி. அதற்குள் மடங்கி நிமிர முடியாது. 1-2-3, 5-6-7ல் அடி வைத்தபின் கால் நிற்கும் 4, 8 ஆகிய ஓய்வுகளில் மட்டும் செய்யலாம். அதுவும் அரை அளவில். சல்சாவுக்குக் கலப்பு காலில் வேண்டாம், தாளத்தில் வையுங்கள். அதைப் பம்பை அண்ணன் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

#5 – பம்பை_தருமபுரி

சொல்றேன் தம்பி. கிளாவேங்கறது ரெண்டு கட்டை தட்டுற ஒலி. கியூபா இசையில மத்த வாத்தியமெல்லாம் அதைத்தான் பிடிச்சிட்டு நிக்கும். எட்டு தாளத்துல அஞ்சு தட்டு. ஒரு பாதியில மூனு, ஒரு பாதியில ரெண்டு. பதினாறு மாத்திரையா எடுத்துக்கிட்டா 1, 4, 7, 11, 13ல தட்டு விழும். இதை எண்ணி எண்ணிக் கத்துக்கிட்டா மாசக்கணக்காகும். நம்ம சொற்கட்டுல போட்டா ஒரே நாள் காலையில வந்துடும்:

தகிட – தகிட – தகதிமி – தக – தகதிமி

3, 3, 4, 2, 4. கூட்டினா 16. ஒவ்வொரு சொல்லோட முதல் 'த'வுல கை தட்டுங்க. அதுதான் மூனுக்கு-ரெண்டு கிளாவே. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.

இப்ப கால் சேரணும். ரெண்டு மாத்திரைக்கு ஒரு அடி, நின்ன இடத்துலயே நடங்க. அஞ்சு தட்டுல நாலு தட்டு காலோட சேர்ந்து விழும். ரெண்டாவது 'தகிட'வோட 'த' மட்டும் ரெண்டாவது அடிக்கும் மூனாவது அடிக்கும் நடுவுல விழும். எல்லாரும் தப்பு பண்றது அங்கதான். கை சோம்பி மூனாவது அடியோட ஒட்டிக்கும், இல்ல அவசரப்பட்டு ரெண்டாவதோட ஒட்டிக்கும். அப்படி ஒட்டிட்டா கிளாவே செத்துப் போச்சு. நிமிஷத்துக்கு 60 தாளத்துல ஆரம்பிச்சு பத்து நிமிஷம் வாயால சொல்லிக்கிட்டே நடங்க. கை தானா வர்ற வரைக்கும் வேகத்தை ஏத்தாதீங்க.

கைக்கு வேலை இனிமேதான். சல்சாவுல 4ல கால் நிக்குது இல்லையா? மூனாவது தட்டு, அதாவது 'தகதிமி'யோட 'த', சரியா அந்த 4ல விழும். கால் பேசாத இடத்துல கட்டை பேசுது. உங்க குத்து, உள்ளங்கைத் தள்ளு எதுவா இருந்தாலும் அங்க வெச்சுப் பாருங்க. 8ல தட்டு கிடையாது. அங்க கையும் சும்மா இருக்கணும். ஒரு ஓய்வுல அடி, ஒரு ஓய்வுல மௌனம். இதை விட்டுட்டு ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு குத்து விட்டா உடற்பயிற்சி வகுப்பு மாதிரி ஆயிடும்.

பாட்டு ரெண்டுக்கு-மூனு கிளாவேயில இருந்தா எல்லாம் தலைகீழ். அப்ப 'தக தகதிமி'யோட பாதி முன்னால வரும், 8ல தட்டு விழும், 4 காலியா இருக்கும். பாட்டை எடுத்ததும் முதல் வேலையா எந்தப் பாதி முன்னாடி வருதுன்னு கட்டை ஒலியைக் கேட்டுக் குறிச்சு வைங்க. கட்டை காதுல விழலைன்னா கோங்காங்கற கை மேளத்தைப் பிடிங்க. 2ல ஒரு சப்பையான அறை, 4லயும் அதுக்கு அடுத்த அரையிலயும் ரெண்டு திறந்த ஒலி கேட்கும். அதை வெச்சு எண்ணிக்கை எங்க இருக்குன்னாவது தெரிஞ்சுக்கலாம்.

#6 – ஓசூர்_ரும்பா

பாலக்கோடு அண்ணா சொன்ன எடைமாற்றத்தோடு ஒரு தாய்ச்சி அசைவு அப்படியே பொருந்துகிறது. மேகக்கை.

24 படிவத்தில் மேகக்கை மூன்று முறை இடப்பக்கம் போகும். ஒவ்வொரு முறையும் இடது கால் பக்கத்தில் வைப்பு, வலது கால் சேர்ப்பு. மொத்தம் ஆறு எடைமாற்றம். ரும்பாவில் நான்கு தாளம் கொண்ட ஒரு சுற்றுக்கு மூன்று அடி. இரண்டு சுற்றுக்கு ஆறு. இழுத்துப் பிடிக்காமலே கணக்கு ஒட்டுகிறது.

முதல் சுற்று: 2ல் இடது பக்கம், 3ல் வலது சேர்ப்பு, 4-1ல் இடது பக்கம், இது நீள அடி.
இரண்டாம் சுற்று: 2ல் வலது சேர்ப்பு, 3ல் இடது பக்கம், 4-1ல் வலது சேர்ப்பு, இதுவும் நீள அடி.

கை எப்போதும் எடைக்குப் பின்னால் போகட்டும். எடை இடது காலுக்குப் போகும்போது இடக்கை மேலே, முகத்து உயரத்தில், உள்ளங்கை உங்களைப் பார்த்தபடி இடது பக்கம் போகும். வலக்கை அடிவயிற்று உயரத்தில் அதோடு போகும். இடது ஓரத்தை எட்டியதும் இடது உள்ளங்கை வெளியே திரும்பி இறங்கும், வலக்கை ஏறும். எடை வலது காலுக்கு. அவ்வளவுதான்.

தாய்ச்சியில் ஆறும் ஒரே நீளம். இங்கே நீள அடி முதலில் இடப்பக்கத்திலும் பிறகு வலப்பக்கத்திலும் விழுகிறது. முதல் சுற்றில் காலை விரித்து நின்றபடி நீள்கிறது, அடுத்ததில் காலைச் சேர்த்து நின்றபடி நீள்கிறது. ஒன்று திறப்பு, ஒன்று மூடல். இதைப் படிவத்திலும் ரும்பாவிலும் தனித்தனியாகப் பார்க்கவே முடியாது, சேர்ந்தால்தான் பிறக்கிறது. நான் கலப்பு என்று மதிப்பது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

நிமிடத்துக்கு 100 தாளத்தில் இரண்டு சுற்று 4.8 வினாடி. பக்க அடி 40 செமீக்கு மேல் வேண்டாம். அகலம் கூடினால் 3ல் கால் சேர்ந்து முடியாது, எடை நடுவில் தொங்கும், கை முந்திவிடும். பாதம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக, விரல் முன்னோக்கி. ரும்பா பழக்கத்தில் விரல்களை வெளியே திருப்புகிறவர்கள் இங்கே திருப்பக்கூடாது. திருப்பினால் தொடைமடிப்பு கவ்வாது.

நெஞ்சுக்கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்ச்சியில் தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும். ரும்பாவில் இடுப்பு ஒரு பக்கம், நெஞ்சுக்கூடு எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே நொடியில் செய்யப் பார்த்தால் இடைமுதுகு பிசையப்படும். 2, 3, 4ல் தோளும் இடுப்பும் ஒன்றாகப் போகட்டும். 1ல் நிமிரும்போது மட்டும் நெஞ்சுக்கூடு எதிர்ப்பக்கம் இரண்டு விரல் அகலம் நகர்ந்தால் போதும்.

இடுப்பில் ஒரு மெல்லிய துண்டைக் கட்டி, முடிச்சைத் தொப்புளுக்குக் கீழே நீளமாகத் தொங்கவிடுங்கள். 2, 3ல் முடிச்சு உடம்போடு போக வேண்டும். 1ல் மட்டும் தனியாக ஒருமுறை ஆட வேண்டும். எல்லாத் தாளத்திலும் ஆடினால் இடுப்பைத் தூக்கிப் போடுகிறீர்கள். ஆடவே இல்லையென்றால் கால் நிமிரவில்லை. பட்டு பைஜாமா போட்டு மேடை ஏறினால் முழங்காலும் இடுப்பும் மறைந்து போகும், அப்போதும் இந்தத் துண்டு உதவும்.

சல்சா வேகத்தில் மூன்று மேகக்கையை எட்டுக்குள் திணிக்காதீர்கள். 180 தாளத்தில் எட்டு எண்ணிக்கையே 2.7 வினாடிக்குள் முடிந்துவிடும், கை விசிறியாகிவிடும். அங்கே 1-2-3ல் கால் இடப்பக்கம், 5-6-7ல் வலப்பக்கம் திரும்பி வரட்டும். கை பாதிக்கு ஒரு வீச்சு மட்டும். இடது வீச்சு 4ல் முடியும், வலது வீச்சு 8ல்.

#7 – அரூர்_சிலம்பு

மாற்றுக் கருத்து ஒன்று. தற்காப்புக் கலையின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வேலை உண்டு. மேகக்கை என்பது வருகிற கையைத் தடுத்துத் திருப்புவது. முழங்கால் துடைத்துத் தள்ளும் அசைவு கீழே வரும் உதையை விலக்கிக்கொண்டே எதிரியை உள்ளங்கையால் தள்ளுவது. இதையெல்லாம் தாளத்துக்கு ஆட்டினால் வேலை போய் வடிவம் மட்டும் மிஞ்சும். சிலம்பத்தில் மேடைக்காகச் சுற்றிச் சுற்றியே காலடி கெட்டுப்போனவர்களை நம் மாவட்டத்திலேயே பார்க்கிறோம். லத்தீன் ஆட்டத்துக்கும் இதனால் நன்மை இல்லை. அது இருவர் பேசிக்கொள்ளும் ஆட்டம். அதைத் தனி ஆளாக்கி, கையில் குத்தும் கொடுத்தால் இரண்டு பக்கமும் நட்டம் என்பது என் எண்ணம்.

#8 – காவேரிப்பட்டணம்_காலடி

அரூர் ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது. ஆனால் அது கலப்பதால் வருவதில்லை, இலக்கை மறப்பதால் வருவது. மேகக்கையில் மேல்கை எந்த உயரத்தில் எந்தக் கையைச் சந்திக்கிறது என்று மனதில் இருந்தால் தாளம் அதைக் கெடுக்காது. ஓர் எளிய சோதனை: ஆட்டத்தின் நடுவில் யாராவது முன்னால் வந்து மெதுவாக ஒரு கையை நீட்டட்டும். உங்கள் முன்கை அதைத் தொட்டு வழிமாற்ற வேண்டும். அதன் மேலே வெறுமனே கடந்து போனால் வடிவம்தான் மிச்சம். வாரம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

விங் சுன் என்ற குங்ஃபூ முறையும் சா-சா-சா என்ற லத்தீன் ஆட்டமும் ஒரே உடம்பில் இருந்ததற்கு எல்லாருக்கும் தெரிந்த சான்று உண்டு. ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் கற்ற புரூஸ் லீ, 1958ல் அங்கே நடந்த சா-சா போட்டியில் பட்டம் வென்றவர். பிறகு தன் தற்காப்பு முறையை அவர் வகுத்தபோது, தன்னை நேர்மையாக வெளிப்படுத்துவது என்பதையே கலையின் நோக்கமாகச் சொன்னார். காலடி, இடைவெளி, தாளத்தை உடைத்து எதிராளியை ஏமாற்றுவது, இதெல்லாம் அவருடைய முறையில் முக்கியமான பாடங்கள். இவற்றை நடனத்திலிருந்துதான் எடுத்தார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை என்பது மட்டும் கண்ணுக்கு நேரே நிற்கிறது.

சா-சா எடுக்க விரும்பினால் கணக்கு இது. எண்ணிக்கை 2, 3, 4-உம்-1. நிமிடத்துக்கு 120 தாளம். 4, உம், 1 ஆகிய மூன்று சிற்றடிகளுக்கு விங் சுன்னின் தொடர்குத்து மூன்று. கால் வினாடிக்கு ஒன்று. முழங்கை விலாவை ஒட்டியபடி, முட்டி நெஞ்சின் நடுக்கோட்டில் போக வேண்டும். ஒரு முட்டி திரும்பும்போது அடுத்தது அதன் மேலாகப் போகும்.

தவறுவது எங்கே என்றால், தோள் ஏறும். தோள் ஏறினால் தலை முன்னால் போகும். தலை போனால் சிற்றடி பேரடியாகிவிடும், 2க்குத் திரும்பி வர நேரமிருக்காது. மூன்று சிற்றடியும் சேர்ந்து ஒரு தோள் அகலத்தைத் தாண்டக்கூடாது. முதல் இரண்டு வாரம் குத்தே வேண்டாம். கை இரண்டையும் விலாவோடு வைத்துக் கால் மட்டும் பழகி, மூன்றாவது வாரம் கையை விடுங்கள்.

குதிகாலா முன்பாதமா என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். தாய்ச்சி குதிகாலை முதலில் வைப்பது எடை தராமல் தரையைத் தொட்டுப் பார்ப்பதற்காக, ஆபத்தென்றால் காலைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக. அந்தச் சோதனைக்கு நேரம் வேண்டும். நீள அடியில் நேரம் உண்டு, அங்கே குதிகால். வேக அடியில் குதிகால் வைத்தால் அதிர்ச்சி நேரே முழங்காலுக்கு ஏறும், எடையும் கால் பங்கு தாளம் தாமதமாக வரும். அங்கே முன்பாதம். உயரக் குதிகால் வைத்த லத்தீன் காலணி போட்டுக்கொண்டு தாய்ச்சி அடி வைக்கவே முடியாது. தட்டையான, மெல்லிய அடித்தோல் உள்ள காலணியே எடுங்கள்.

#9 – பர்கூர்_பாறை

தரையைப் பற்றி யாரும் பேசலை, நான் சொல்றேன். நம்ம ஊர்ல கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, அதனால மண்டபம் எல்லாம் கிரானைட் மேடை. பாலிஷ் கல்லுல ரெண்டு குணம். கொஞ்சமும் அமுங்காது, ஈரம் பட்டா வழுக்கும். அமுங்காத தரையில குதிச்சு இறங்குற உதையை வைக்காதீங்க. மரத்தரைக்கோ மெத்தை விரிப்புக்கோ அமைச்ச வுஷூ (சீனத் தற்காப்புப் போட்டிக் கலை) தாவல் கல்லுல வேலைக்காகாது, முழங்கால்தான் பலியாகும். வியர்வை ரெண்டு சொட்டு விழுந்தா அந்த இடம் கண்ணுக்கே தெரியாம வழுக்கும். மேடை ஓரத்துல உலர்ந்த துணி ஒன்னு வைங்க. ஆட்டத்துக்கு முன்னாடி ஈரத்துணியால ஒருமுறையும் உலர்ந்த துணியால ஒருமுறையும் தூசியைத் துடைக்கச் சொல்லுங்க. பவுடர் மட்டும் தூவவே கூடாது.

சிமெண்ட் மாடி இதுக்கு நேர் எதிர். காலணியைப் பிடிச்சு நிறுத்திடும். அங்க முன்பாதத்துல சுழன்றா பாதம் நிக்கும், உடம்பு திரும்பும், திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகும். எடை ஏத்தின காலைத் தரையில அழுத்திக்கிட்டே திரும்புறதுதான் முழங்காலுக்கு ஆகவே ஆகாத வேலை. மாடியில பழகுறப்ப காலணியோட முன்பாதி மேல பழைய சாக்ஸை மாட்டிக்குங்க. குதிகால் பகுதி வெளியவே இருக்கட்டும், அது பிரேக் மாதிரி.

இன்னும் நல்ல வழி, சுழலாமலே திரும்புறது. பாகுவாங்கற சீனத் தற்காப்புக் கலையில வட்டத்துல நடக்குறப்ப அதுக்குன்னே ரெண்டு அடி இருக்கு. ஒன்னு விரலை உள்ள திருப்பி வைக்கிறது, இன்னொன்னு விரலை வெளிய திருப்பி வைக்கிறது. பாதத்தைக் காத்துல திருப்பி அப்புறம்தான் தரையில வைப்பாங்க, எடை அதுக்குப் பின்னாடி. இடப்பக்கம் திரும்பணும்னா 5ல வலது பாதத்தை விரல் உள்ளே, 6ல இடது பாதத்தை விரல் வெளியே, 7ல வலது பாதத்தை நேரா சேர்த்து வைங்க. முழுச் சுத்து முடியும், தரையில ஒரு தேய்ப்பும் இருக்காது. ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய 120 பாகை. 120 வரலைன்னா முதல்ல 90, 90னு அரைச் சுத்து பழகுங்க. அவசரத்துல இடுப்பு முந்தி, பாதம் பிந்தினா பழைய திருகல் திரும்ப வந்துடும்.

ஓசூர், கெலமங்கலம் பக்கம் மார்கழியில மாடி முழுக்கப் பனி ஈரம் இருக்கும். வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச மாடியா இருந்தா வெயில் ஏறி உலர்ற வரைக்கும் சுத்துப் பயிற்சி வேணாம்.

#10 – அரூர்_சிலம்பு

விரல் உள்ளே, விரல் வெளியே என்ற திருப்பம் சிலம்பக் காரருக்குப் புரிகிற பேச்சு. கையை நீட்டிச் சோதிக்கும் முறையும் ஏற்கத்தக்கதே. ஆனால் இருவர் ஆட்டத்தைத் தனியாக்குவது பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

#11 – ஓசூர்_ரும்பா

ஐயா, தனியாக ஆடப்போகிறவரும் இருவராகப் பழக வேண்டும் என்பதே என் பதில். தாய்ச்சியிலும் அதற்கு இடம் உண்டு, கைத்தள்ளு. இருவரும் முன்கையைத் தொட்டபடி, ஒருவர் தள்ள மற்றவர் வழிவிட்டுத் திருப்புவார். விடாதே, எதிர்க்காதே என்பது அதன் விதி. சல்சாவில் கைகோத்து வழிநடத்துவதும் பின்தொடர்வதும் அதே விதியில்தான் நடக்கின்றன.

பயிற்சி: இருவரும் எதிரெதிரே, வலது மணிக்கட்டின் வெளிப்புறம் ஒட்டியபடி. அழுத்தம் ஒரு தம்ளர் தண்ணீரின் கனம் போதும். முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் வட்டம். அடுத்த ஐந்து நிமிடம் அதே தொடுகையோடு சல்சா முன்-பின் அடி. ஒருவர் 1ல் முன்னே வந்தால் மற்றவர் பின்னே. முழங்கை விலாவைத் தாண்டிப் பின்னால் போகவே கூடாது. போனால் தொடுகை அறும், தோள்தான் இழுபடும். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள். பிடித்த கையில் செய்தி கேட்காது.

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. கைத்தள்ளில் நோக்கம் எதிராளியின் நிலையை எடுப்பது. ஆட்டத்தில் நோக்கம் துணையின் நிலையைக் காப்பது. தொடுகை ஒன்று, நோக்கம் இரண்டு. பழகும்போது எதைச் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிறகு தனியாக ஆடும்போது அந்தத் தம்ளர் கனம் முன்கையில் இருப்பதாக நினைத்து ஆடினால் கை மிதக்காது. இழையைத் தொடங்கியவர் சொன்ன மிதக்கும் கைக்கு மருந்து இதுதான்.

#12 – பம்பை_தருமபுரி

இடையில ஒன்னு சொல்லிடறேன். சீனமும் கியூபாவும் சேர்றதை ரொம்பப் புதுசுன்னு நினைக்க வேணாம். 1847ல இருந்தே சீனத் தொழிலாளிங்களைக் கரும்புத் தோட்டத்துக்கு கியூபாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்களோட போன 'சுவோனா'ங்கற ஊதுகருவி இன்னிக்கும் சாந்தியாகோ தெ கூபா திருவிழா ஊர்வலத்துல கோங்கா முழக்கத்துக்கு மேல ஒலிக்குது. அங்க அதுக்குப் பேரே 'சீனக் கொம்பு'. ரெட்டைச் சீவாளி, கூம்பு உடல். நம்ம நாயனத்துக்குச் சொந்தக்காரன். அந்த ஒலியைத் தேடிக் கேளுங்க. முதல் அரை நிமிஷத்துக்கு அது மட்டும் போதும், கட்டை அப்புறம் நுழையட்டும்.

#13 – கெலமங்கலம்_நடை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சொன்னதை வெச்சு ஒரு வரைவு போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

முதல் 2 நிமிஷம் ரும்பா, நிமிஷத்துக்கு 100 தாளம். 200 தாளம், 50 சுற்று.
சுற்று 1–8: மேடை நடுவுல தாய்ச்சி தொடக்க நிலை, கால் அசையாம கை மட்டும். எடைமாற்றம் நாலுல மடங்கி ஒன்னுல நிமிர்றது.
9–16: மேகக்கை ரெண்டு சுற்று வீதம் நாலு தடவை.
17–32: முழங்கால் துடைத்துத் தள்ளு, முன்னாடி போயி பின்னாடி வர்றது. ஒவ்வொன்னுக்கும் ரெண்டு சுற்று. நீள அடியில குதிகால்.
33–40: தனிச்சாட்டைங்கற தாய்ச்சி அசைவு, அதுல இருந்து பாகுவா திருப்பம் ரெண்டு.
41–50: திரும்பவும் மேகக்கை, இந்தத் தடவை அகலம் குறைச்சு.

கடைசி 1 நிமிஷம் சல்சா, 180 தாளம். மூனுக்கு-ரெண்டு கிளாவே. 4ல உள்ளங்கைத் தள்ளு, 8ல சும்மா. கணக்குப் போட்டா 22 எட்டு வருது, 4 தாளம் மிச்சம். அந்த நாலை என்ன பண்றதுன்னு தெரியலை.

#14 – பம்பை_தருமபுரி

மிச்சம் நாலு தாளத்துல ஆடாதீங்க. 22வது எட்டோட 8ல கை சும்மா இருக்குமில்ல, அடுத்த 1ல நிறைகால்ல உட்கார்ந்து அப்படியே நில்லுங்க. 4ல கட்டை விழும், அதுக்கு மட்டும் உள்ளங்கை. பாட்டை அந்த இடத்துல வெட்டச் சொல்லிடுங்க, மெதுவா தேய்ஞ்சு முடியுற மாதிரி வேணாம்.

#15 – ஓசூர்_ரும்பா

எல்லாம் சரி, ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. மேகக்கை இரண்டு சுற்றுக்கு மூன்று பக்க அடி, 40 செமீ வீதம் 1.2 மீட்டர் இடப்பக்கம் போகும். நான்கு தடவை என்றால் 4.8 மீட்டர். மேடை 20 அடி, அதாவது 6 மீட்டர். நடுவில் நின்று தொடங்கினால் உங்கள் இடப்பக்கம் 3 மீட்டர்தான் இருக்கிறது, இரண்டரைத் தடவையிலேயே மேடை முடிந்துவிடும். தொடக்க நிலையை மேடை நடுவில் வைக்காமல் உங்கள் வலது ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே வையுங்கள். அங்கிருந்து 4.8 மீட்டர் போனாலும் இடது ஓரத்தில் அரை மீட்டர் மிச்சம் இருக்கும். 17வது சுற்றில் இடது ஓரத்திலிருந்து குறுக்குக்கோடாக நடுவை நோக்கி முழங்கால் துடைப்பு. 41ல் வரும் இரண்டாவது மேகக்கையை வலப்பக்கம் போகும்படி மாற்றிப் போடுங்கள். அதற்கு வலது கால் வெறுங்காலாக இருக்க வேண்டும், அதனால் 40வது சுற்றின் நீள அடி இடது காலில் முடியட்டும்.

#16 – கெலமங்கலம்_நடை

சரிங்க. 40வது சுற்று இப்ப வலது கால்லதான் முடியுது. ரெண்டாவது பாகுவா திருப்பத்தை எதிர்ப்பக்கம் திருப்பினா இடதுல முடியும்னு நினைக்கிறேன். நாளைக்குக் காலையில சுண்ணக்கட்டியால மாடியில 6 மீட்டர் அளந்து கோடு போட்டுப் பார்த்துட்டு எழுதறேன்.